திரையிலிருந்து மேடைக்கு: புதுச்சேரி ‘பத்தே சினே ஃபமிலியால்’ கூடமும் நாடகக் குழுவின் மறுபயன்பாடும்

ஆய்வுச்சுருக்கம்

புதுச்சேரி ரோமன் ரோலண்ட் வீதியிலுள்ள ‘பத்தே சினே ஃபமிலியால்’ என்னும் பழைய திரைப்படக் கூடம், படக்காட்சி நின்றுபோன பின்னர், இந்தியநாஸ்ட்ரம் நாடகக் குழுவின் பயிற்சிக்கும் நிகழ்த்துதலுக்கும் உரிய அரங்காயிற்று. தமிழகத்தில் நாடகக் கொட்டகைகள் திரையரங்குகளாக மாறிய வரலாற்றின் எதிர்த்திசையில் நிகழ்ந்த இம்மாற்றத்தை இக்கட்டுரை விளக்குகிறது. மரபுரிமைப் பாதுகாப்பு கட்டடத்தின் முகப்பையே பெரிதும் கருத்தில் கொள்ளும் நகரில், ஒரு கூடத்தின் உள்வெளியையும் அதன் பயன்பாட்டையும் காத்தல் என்பது யாருடைய பொறுப்பு என்னும் வினாவை இது முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, நாடக அரங்கு, திரையரங்கு, கொட்டகை, மறுபயன்பாடு, மரபுரிமை, தெருக்கூத்து, இந்தியநாஸ்ட்ரம்.

முன்னுரை

பழைய அரங்கு ஒன்று மீட்கப்பட்டது என்று கூறும்பொழுது மீட்கப்பட்டது எது என்னும் வினா எழுகின்றது. சுவரும் கூரையும் மீட்கப்பட்டனவா, அங்கு நிகழ்ந்த கலை மீட்கப்பட்டதா, அக்கலையைக் காண வந்த மக்கள் திரும்பினரா? இம்மூன்றும் ஒருங்கே நிகழ்வது அரிது. பெரும்பாலும் முதலாவது மட்டும் நிகழ்ந்து, ‘மீட்பு’ என்ற சொல்லைத் தனதாக்கிக் கொள்கிறது.

புதுச்சேரி நகரின் கடலையொட்டிய பகுதியில், பிரெஞ்சு எழுத்தாளர் ரோமன் ரோலண்டின் பெயர் தாங்கிய வீதியில், ‘பத்தே சினே ஃபமிலியால்’ கூடம் உள்ளது. அங்கு நிகழ்ந்தது மேற்குறித்த மூன்றிலும் அடங்காத ஒன்று. படம் காட்டுவதற்கென அமைந்த கூடம் மீண்டும் படம் காட்டவில்லை; நாடகம் நிகழ்த்தும் இடமாயிற்று. அதனைச் செய்தது அரசோ பாதுகாப்பு நிறுவனமோ அன்று; கூடத்தைத் தேவைப்பட்ட ஒரு நடிகர் குழு. இவ்வேறுபாட்டின் பொருளை உணர, தமிழ்நாட்டில் அரங்கு என்னும் கட்டடம் கடந்து வந்த வழியை முதலில் காணுதல் வேண்டும்.

கொட்டகை கூடமான வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தமிழ் நாடகத்திற்கு நிலையான கட்டடம் என்பது அரிய பொருளாகவே இருந்தது. சென்னையின் விக்டோரியா பொதுக்கூடம் போன்றவை விதிவிலக்குகள். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபை அங்கு நாடகங்களை நிகழ்த்தியது. ஆயினும் அது கற்றறிந்த அமெச்சூர் நடிகர்களின் உலகம். தொழில்முறைக் குழுக்களோ ஊர்ஊராகச் சென்று, கீற்றும் தகரமும் வேய்ந்த கொட்டகைகளில் சில வாரங்களோ சில மாதங்களோ தங்கி ஆடின. அவ்வாழ்க்கையின் இயல்பை அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ விரிவாகக் காட்டுகிறது. கொட்டகை கிடைத்தால் நாடகம், கிடைக்காவிடில் பட்டினி.

இவ்வுலகத்தின் பேராசிரியராக விளங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இறந்தது புதுச்சேரியில்தான். 1922 நவம்பர் 13இல் மறைந்த அவரது நினைவிடம் கருவடிக்குப்பத்தில் உள்ளது. அங்கு ஆண்டுதோறும் நாடகக் கலைஞர்கள் கூடுகின்றனர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. நாடகக் குழுக்களின் பயண வழியில் புதுச்சேரி ஒரு முக்கிய நிறுத்தமாக இருந்தது என்பதற்கு அவரது இறுதி நாட்களே சான்று. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால் பிரித்தானிய இந்தியாவின் 1876ஆம் ஆண்டு நாடக நிகழ்த்துதல் சட்டம் இங்குச் செல்லுபடியாகவில்லை என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது.

திரைப்படமும் இதே பயண முறையிலேயே தமிழகத்திற்குள் நுழைந்தது. 1905இல் திருச்சிராப்பள்ளியில் இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர்ஊராகப் படம் காட்டி வந்த தூபோன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் வாங்கினார். கூடாரம் அடித்துப் படம் காட்டிய அவர் 1914இல் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான கூடத்தை எழுப்பினார். தமிழ்ச் சினிமாவின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கருவி இருந்தது தற்செயலன்று. 1896இல் தொடங்கப்பட்ட பத்தே நிறுவனம் இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் உலகின் மிகப்பெரிய படத் தயாரிப்பு, விநியோக நிறுவனமாக வளர்ந்திருந்தது. அதன் கருவிகளும் படங்களும் ஆசியத் துறைமுக நகரங்கள் எங்கும் சென்றன.

1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தபின் நிலைமை விரைந்து மாறியது. அதில் நடித்த டி. பி. ராஜலட்சுமி உட்படத் தொடக்ககாலப் பேசும்பட நடிகர்கள் மேடையிலிருந்து வந்தவர்கள். நடிகர்களைத் தொடர்ந்து கதைகளும் பாட்டுகளும் திரைக்குச் சென்றன. இறுதியில் கொட்டகைகளும் சென்றன. முன்பு நாடகம் நடந்த இடத்தில் வெண்திரை கட்டப்பட்டது. ஊர் மக்கள் அதனை அதன்பின்னும் ‘கொட்டகை’ என்றே அழைத்தனர். இன்றும் முதியோர் வாயில் ‘சினிமாக் கொட்டகை’ என்னும் சொல் வழங்குவது இவ்வரலாற்றின் எச்சமே. சு. தியடோர் பாஸ்கரன், ஸ்டீபன் ஹியூஸ் ஆகியோரின் ஆய்வுகள் இக்காலத்துக் காட்சிக் கூடங்களின் இயல்பை வெளிப்படுத்தியுள்ளன.

இம்மாற்றத்தில் இழப்பு மட்டும் இல்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துமிடம் திரையரங்கே என்றும், அங்கு இருக்கையை முடிவு செய்தது பிறப்பு அன்று, வாங்கும் திறனே என்றும் கா. சிவத்தம்பி 1981இல் எழுதினார். கோயில் மண்டபத்திலும் சபாவிலும் நிலவாத ஒரு சமத்துவம், குறைபாடுகளுடனேனும், திரையரங்கில் நிலவியது. தரை டிக்கெட்டும் பெஞ்சும் நாற்காலியும் வேறுபாட்டைக் காத்தன என்பது உண்மையே. ஆனால் அவ்வேறுபாடு காசால் கடக்கக்கூடியது. ஆகவே திரையரங்கு ஒன்று மூடப்படும்பொழுது இழக்கப்படுவது படம் காட்டும் வணிகம் மட்டுமன்று. இத்தகைய பொதுவெளியும் இழக்கப்படுகிறது.

கூடத்தின் பெயரும் இடமும்

‘சினே ஃபமிலியால்’ என்பதன் நேர்ப்பொருள் ‘குடும்பத் திரையரங்கு’. பிரான்சில் கத்தோலிக்கப் பங்குகளைச் சார்ந்த திரைக்கூடங்கள் பலவற்றிற்கு ‘ஃபமிலியா’, ‘ஃபமிலியால்’ போன்ற பெயர்கள் இடப்பட்டன. குடும்பத்தோடு அமர்ந்து காணத்தக்க படங்களே அங்குக் காட்டப்படும் என்னும் உறுதிமொழி அப்பெயரில் அடங்கியிருந்தது. நம் ஊர்த் திரையரங்குகள் ‘குடும்பத்துடன் காணத்தக்க குணச்சித்திரப் படம்’ என விளம்பரம் செய்ததோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம். பெயரின் முன்பகுதி உலகளாவிய வணிக நிறுவனம் ஒன்றையும், பின்பகுதி வீட்டையும் சுட்டுகின்றன.

கூடம் அமைந்த இடமும் கருதத்தக்கது. புதுச்சேரியின் பழைய நகரம் கால்வாய் ஒன்றால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கடல் பக்கம் பிரெஞ்சுப் பகுதி. மறுபக்கம் தமிழ்ப் பகுதி. 1954 நவம்பர் 1இல் ஆட்சி நடைமுறையில் கைமாறியபின்னும், 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படி இணைந்தபின்னும் இப்பிரிவின் தடம் மறையவில்லை. இன்று கடல் பக்கத்து வீதிகள் சுற்றுலாப் பயணியர் நிழற்படம் எடுக்கும் இடங்களாகவும், உணவகங்களும் தங்கும் விடுதிகளும் நிறைந்தனவாகவும் உள்ளன. அங்குத் தமிழ் நாடகம் ஒன்றைக் காண மாலையில் ஒருவர் கால்வாயைக் கடந்து வருகிறார் என்பதே ஒரு செய்திதான்.

வீதியின் பெயர் பற்றியும் ஒன்று குறிப்பிடவேண்டும். ரோமன் ரோலண்டை நாம் பெரிதும் காந்தி, இராமகிருஷ்ணர், விவேகானந்தர் ஆகியோரின் வாழ்க்கை வரலாற்றாசிரியராகவே அறிவோம். அவர் 1903இல் ‘மக்கள் அரங்கு’ பற்றி ஒரு நூல் எழுதியவர். செல்வர்க்கும் எளியோர்க்கும் தனித்தனி இருக்கை வகுக்கும் அரங்கை மறுத்தவர். அவர் பெயரிலான வீதியில் மக்கள் அரங்கு ஒன்று அமைந்தது தற்செயலே எனினும் மகிழ்ச்சிதரும் தற்செயல்.

கூடத்திற்கு வந்த குழு

இந்தியநாஸ்ட்ரம் குழு 2007இல் குமரன் வளவன் அவர்களால் தொடங்கப்பட்டது. குழுவின் பெயரிலுள்ள ‘நாஸ்ட்ரம்’ என்பது ‘நம்முடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல். மத்தியதரைக் கடலை உரோமானியர் ‘நம் கடல்’ என அழைத்த வழக்கை நினைவூட்டுவது. குமரன் வளவன் பாரிசின் தியாத்ர் துய் சொலெய் குழுவில் பணியாற்றியவர். அக்குழுவைப் பற்றிய சில செய்திகள் இங்கு இன்றியமையாதன. 1964இல் அரியான் முனூஷ்கின் முதலியோரால் தொடங்கப்பட்ட அது, 1970 முதல் வான்சேன் காட்டிலுள்ள ‘கார்தூஷெரி’ என்னும் கைவிடப்பட்ட பழைய தோட்டாத் தொழிற்சாலையைத் தன் இருப்பிடமாகக் கொண்டது. படைத்துறையின் கட்டடம் நாடகத்தின் வீடாயிற்று. அங்கு நடிகர்களே சமைக்கின்றனர், துப்புரவு செய்கின்றனர், பார்வையாளருக்கு உணவு பரிமாறுகின்றனர், ஊதியமும் சமம். இயக்குநரே வாயிலில் நின்று நுழைவுச்சீட்டைக் கிழித்து வரவேற்பது அக்குழுவின் பெயர்பெற்ற வழக்கம்.

ஆகவே பயனற்றுப்போன கட்டடத்தை நடிகர்களின் உழைப்பால் அரங்காக்குதல் என்பது இந்தியநாஸ்ட்ரத்திற்கு வறுமையால் வந்த வழி மட்டுமன்று. அது கற்றுக்கொண்ட ஒரு நாடக நெறியும் ஆகும். இதனைப் பிரெஞ்சு இறக்குமதி எனச் சுருக்கிவிடவும் இயலாது. தமிழ்த் தொழில்முறை நாடகக் குழுக்களும் கொட்டகையிலேயே தங்கி, ஒன்றாக உண்டு, படுதா கட்டி, நாடகம் முடிந்ததும் பிரித்து அடுக்கி வாழ்ந்தவைதாம். கொட்டகை வாழ்க்கையின் ஒழுங்கும் கார்தூஷெரியின் ஒழுங்கும் ஒன்றையொன்று அறியாமலே ஒத்திருந்தன என்பது இக்கட்டுரையின் துணிபு.

2015 டிசம்பரிலும் 2016 ஜனவரியிலும் தியாத்ர் துய் சொலெய் தன் ‘நாடோடிப் பள்ளி’யை இந்தியநாஸ்ட்ரத்தின் துணையுடன் புதுச்சேரியில் நடத்தியது. 2015 நவம்பரில் பாரிசில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதல்களின் அதிர்ச்சி தணியாத காலம் அது. அப்பயணத்திலிருந்து உருவான ‘இந்தியாவில் ஓர் அறை’ என்னும் நாடகம் 2016 நவம்பரில் கார்தூஷெரியில் அரங்கேறியது. அதில் மகாபாரதத் தெருக்கூத்துக் காட்சிகள் தமிழிலேயே இடம்பெற்றன. பிரெஞ்சு நடிகர்களுக்குக் கூத்தைப் பயிற்றுவித்தவர் திருவண்ணாமலை மாவட்டம் புரிசையைச் சேர்ந்த கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். புரிசைக் களரியிலிருந்து பாரிசு மேடை வரையிலான இவ்வழியில் புதுச்சேரியின் நாடகக் குழு ஒரு கணுவாக அமைந்தது. உலகநாடகம் பற்றிப் பேசும் தமிழ்க் கட்டுரைகள் பல இச்செய்தியைக் கடந்து சென்றுவிடுகின்றன; பாரிசைப் பற்றிப் பேசி, புரிசையைப் பற்றிப் பேசி, நடுவிலிருந்த நகரத்தை விட்டுவிடுகின்றன.

குழுவின் படைப்புகளில் ‘சண்டாள’ என்னும் நாடகம் இங்குச் சுட்டத்தக்கது. ஷேக்ஸ்பியரின் ரோமியோ–ஜூலியட் கதையைச் சாதிகடந்த காதலின் கதையாக அது மாற்றியமைத்தது. வீதிகளே சாதி, நிற அடிப்படையில் பிரிக்கப்பட்ட வரலாறுடைய நகரில் இந்நாடகம் பெறும் பொருள் ஏனைய நகரங்களில் பெறுவதினும் கூர்மையானது.

திரையரங்கை நாடக அரங்காக்குதல்

திரையரங்கும் நாடக அரங்கும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் தோன்றினும் உள்ளமைப்பில் வேறானவை. எந்தத் திரையரங்கை நாடகத்திற்குத் திருத்த முற்படினும் சில இடர்ப்பாடுகள் எழுகின்றன.

முதலாவது ஆழம். திரைக்கு ஆழம் தேவையில்லை. ஒரு சுவர் போதும். அதன் முன்னுள்ள திண்ணை போன்ற மேடை பெரும்பாலும் சில அடி அகலமே உடையது. நடிகர் மறைந்து நிற்கப் பக்கவெளி இல்லை, பின்னால் கடந்து செல்ல வழியில்லை, ஒப்பனைக்கு அறையில்லை. எனவே மேடையை இருக்கைப் பகுதிக்குள் நீட்டவேண்டும். நீட்டினால் இருக்கைகளின் எண்ணிக்கை குறையும். குறைந்தால் வருவாய் குறையும். வணிக நோக்குடைய ஒருவர் இக்கணக்கிலேயே பின்வாங்கிவிடுவார்.

இரண்டாவது பார்வைக்கோடு. திரையரங்கின் கண் உயர்ந்த திரையை நோக்கி மேலெழும்பும். நாடகப் பார்வையாளரின் கண் நடிகரின் பாதத்தையும் காணவேண்டும். கூத்தைப் பொறுத்தவரை இது உயிர்நிலை. அடவைக் காணாதவர் கூத்தைக் கண்டவர் ஆகார். மேலும், கூத்துக் களரியில் மக்கள் மூன்று புறமும் சூழ அமர்வர். இருவர் பிடிக்கும் திரையின் பின்னிருந்து கட்டியங்காரனும் வேடதாரிகளும் வெளிப்படுவர். ஒரே திசை நோக்கி வரிசையாகத் தரையில் பொருத்தப்பட்ட நாற்காலிகள் இவ்வுறவை முறித்துவிடுகின்றன. நாற்காலிகளை அகற்றி வெற்றுத் தரையைப் பெறும்பொழுதுதான் பழைய கூடம் களரியாக மாறும் வாய்ப்பைப் பெறுகிறது.

மூன்றாவது ஒலி. பேசும்படக் கூடத்தில் ஒலி விரைந்து அடங்கவேண்டும். எதிரொலி ஒலித்தடத்திலேயே பதிவாகியிருப்பதால் கூடம் தன் பங்கிற்கு எதனையும் சேர்த்தல் ஆகாது. ஒலிபெருக்கியின்றிப் பேசும் நடிகருக்கோ கூடத்தின் துணை வேண்டும். ஏறத்தாழ ஒரு நொடி அளவிலான எதிர்முழக்கம் பேச்சுக்கு ஏற்றது என்பது ஒலியியலாளர் கருத்து. சுண்ணச் சுவரும் மரக் கூரையும் உடைய பழைய கூடங்களில் மெத்தைத் தட்டிகளை அகற்றினால் குரல் உயிர்பெறும். மிகுதியாக அகற்றினால் சொற்கள் ஒன்றோடொன்று மோதும். இதனைக் கருவிகொண்டு அளப்பதைவிட நடிகர்கள் நின்று பேசிப் பார்த்தே பல குழுக்கள் தீர்மானிக்கின்றன.

இவற்றிற்கு மாறாக, படம் ஓட்டும் அறை ஒரு வரம். எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருள்களின் காலத்தில் பாதுகாப்பிற்கெனத் தனித்துக் கட்டப்பட்ட அவ்வறை, கூடத்தின் பின்னால் உயரத்தில், மேடையை நேராக நோக்கி அமைந்திருக்கும். ஒளிக் கட்டுப்பாட்டிற்கு அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

முகப்பும் உள்வெளியும்

புதுச்சேரி மரபுரிமைப் பாதுகாப்பில் முன்னோடி நகரம் என்பதில் ஐயமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘ஆசியா உர்ப்ஸ்’ திட்டத்தின்கீழ், இன்டாக் அமைப்பின் முன்னெடுப்பில், இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நோவ்-சூர்-லோ ஆகிய நகரங்களின் கூட்டுறவுடன் தமிழ்ப் பகுதியின் வைசியாள் வீதி சீரமைக்கப்பட்டது. திண்ணையும் தாழ்வாரமும் கொண்ட வீட்டு முகப்புகள் பழைய வடிவம் பெற்றன. இப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் மரபுரிமை விருதுகளில் இடம்பெற்றது.

மேரி கட்டடத்தின் கதை வேறு. கடற்கரைச் சாலையிலிருந்த அப்பழைய நகரமன்றம் பல்லாண்டுகள் பழுதுபார்க்கப்படாமல், 2014 நவம்பர் 29இல் பெருமழையின்போது இடிந்து விழுந்தது. பின்னர் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. உப்புக்காற்று வீசும் நகரில் ஆளற்ற கட்டடம் எவ்வளவு விரைவில் அழியும் என்பதற்கு அது சான்று. கூரையின் மழைநீர்த் தூம்பில் அடைத்த இலையை எடுக்க ஒருவர் இருந்தாலே சுண்ணக் கூரையின் ஆயுள் நீளும். நாள்தோறும் பயிற்சிக்கு வரும் நடிகர் குழு அத்தகைய ‘ஒருவர்’தான். எந்தப் பாதுகாப்புத் திட்டத்தின் மதிப்பீட்டிலும் இவ்வுழைப்பிற்குத் தொகை குறிக்கப்படுவதில்லை.

வீதியை அழகாக்கும் முகப்புச் சீரமைப்பு வேண்டாம் என்பதன்று இங்குக் கூறவருவது. வீட்டிற்கு முகப்பே பொதுமக்களுக்குரிய பகுதி. உள்ளே இருப்பது குடும்பத்தின் தனியுரிமை. அரங்கிற்கோ நேர்மாறு. அதன் பொதுவெளி உள்ளே இருக்கிறது. முகப்பைக் காத்து உள்ளே விடுதியோ கடையோ அமைத்தால் வீட்டைப் பொறுத்தவரை ஓரளவு பாதுகாப்பு எனலாம். அரங்கைப் பொறுத்தவரை அது இறப்பே. வீட்டிற்கென வகுத்த அளவுகோலை அரங்கிற்கும் பயன்படுத்துவதில் உள்ள பிழை இதுதான். சென்னை விக்டோரியா பொதுக்கூடத்தை மாநகராட்சி அண்மையில் பெரும்பொருட்செலவில் சீரமைத்ததையும் இந்நோக்கில் ஆராயவேண்டும். சுகுண விலாச சபை ஆடிய அம்மேடையில் ஆண்டிற்கு எத்தனை மாலைகள் நாடகத்திற்குக் கிடைக்கின்றன என்பதே அங்குக் கேட்கவேண்டிய வினா.

யாருடைய கூடம்

‘சமூகம் மீட்ட அரங்கு’ என்னும்போது அச்சமூகம் எது? ரோமன் ரோலண்ட் வீதியைச் சுற்றி வாழ்வோர் மட்டும் அல்லர். நடிகர்கள் பல ஊர்களிலிருந்து வருகின்றனர். பார்வையாளருள் தமிழ்ப் பகுதியினர், மாணவர், ஆரோவில்வாசிகள், பிரெஞ்சுக் குடிமக்கள், பயணியர் எனப் பலரும் உள்ளனர். இடத்தால் அன்றிப் பயன்பாட்டால் உருவாகும் சமூகம் இது. இதற்குச் சட்டத்தில் பெயரில்லை. உரிமையாளருக்குப் பத்திரம் உண்டு. குத்தகையாளருக்கு ஒப்பந்தம் உண்டு. பத்தாண்டுகள் ஒரு கூடத்திற்கு வந்து நாடகம் பார்த்தவருக்கு எதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் உள்ளது. கைவிடப்பட்ட கூடத்தை ஒரு குழு தன் உழைப்பால் பயனுடையதாக்கும்பொழுது அவ்விடத்தின் மதிப்பு உயர்கிறது. மதிப்பு உயரும்பொழுது அதே குழு அங்குத் தொடர்வது கடினமாகிறது. சுற்றுலாவால் நிலமதிப்பு ஏறிவரும் கடலோர வீதிகளில் இம்முரண் மேலும் கடுமையானது. உலகின் பல நகரங்களில் கலைஞர்கள் மீட்ட பகுதிகளிலிருந்து கலைஞர்களே வெளியேற நேர்ந்தது. கார்தூஷெரி நிலைத்ததற்குக் காரணம் நடிகர்களின் உறுதி மட்டுமன்று. நிலம் பாரிசு நகராட்சியுடையது என்பதும், நகராட்சி அக்கட்டடங்களை நாடகக் குழுக்களின் பயன்பாட்டிற்கு விட்டதும் ஆகும். நெறி பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்தது. அந்நெறியைத் தாங்கிய நில ஏற்பாடு உடன் வரவில்லை.

அரங்குகளைப் பதிவுசெய்யும்பொழுது கட்டடத்தின் காலம், பாணி, பழுதின் அளவு ஆகியவற்றோடு அங்கு ஆடியவர், ஆடிய நாடகங்கள், பயிற்சி நடந்த நாட்கள், நுழைவுக் கட்டணம், பார்வையாளர் வந்த பகுதிகள் ஆகியவையும் குறிக்கப்பட்டால், உரிமை மாறும் நாளில் முன்வைக்க ஓர் ஆவணமேனும் இருக்கும். புதுச்சேரியின் திரையரங்குகள் பல மூடப்பட்டும் இடிக்கப்பட்டும் வரும் இக்காலத்தில் துண்டறிக்கைகளும் நுழைவுச்சீட்டுகளும் பழைய காகிதக் கடைகளுக்கே செல்கின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் இந்நகரில் இறுதியாகத் தங்கிய நாட்களைப் பற்றி நாம் அறிவது பெரிதும் உடனிருந்த சிறுவர்கள் பின்னாளில் எழுதிவைத்த நினைவுகளால்தான். பத்தே சினே ஃபமிலியாலில் படம் பார்த்தவர்களையும் நாடகம் ஆடியவர்களையும் நேர்கண்டு பதிவுசெய்யும் பணி நிகழ்கலைத் துறைகளின் முதுகலை மாணவர் இருவர் ஓராண்டில் செய்து முடிக்கக்கூடிய அளவினதே.